கண்ணாடி விரியனுக்கு ஆன்ட்டிபாடி நாமதான் செய்யணும்: பயோடெக்னாலஜி துறைக்கு ஒரு திறந்த மடல்

மத்திய அரசு பயோடெக்னாலஜி துறை, அந்தத் துறையோட பைராக் நிறுவனம், ஐசிஎம்ஆர்ங்குற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், இந்த மூணு இடத்துலயும் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குற பொறுப்புல இருக்குற எல்லாருக்கும் வணக்கம்.

நான் பெங்களூர்ல ஆன்ட்டிபாடி மருந்து தயாரிக்கிற ஒரு இடத்துல வேலை பாக்குறேன். கேன்சருக்குப் போடுற ஊசி. (ஆன்ட்டிபாடின்னா கிருமி, விஷம் மாதிரி ஒண்ணைத் தேடிப் பிடிச்சு முடக்குற புரோட்டீன்.) சைனீஸ் ஹாம்ஸ்டரோட செல்லை பெரிய ஸ்டீல் டேங்க்ல வளர்த்து, அது வெளிய விடுற புரோட்டீனைப் பிரிச்சு சுத்தம் பண்ணி, எந்த பேட்ச்சை எடுத்தாலும் ஒரே தரத்துல இருக்குற மாதிரி குடுக்குற வேலை. சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம், வீட்ல மானாவாரி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போடுறவங்க. இந்த ரெண்டு இடமும் எனக்கு நல்லா தெரியும், அதனாலதான் எழுதுறேன், ஏன்னா இங்க டேங்க்ல நடக்குற வேலைக்கும் அங்க மல்லாட்டைக் கொல்லைல பாம்பு கடிச்சவங்களுக்கு ஏத்துற மருந்துக்கும் நடுவுல கிட்டத்தட்ட நூறு வருஷ தூரம் இருக்கு.

கேக்க வந்தது ஒண்ணே ஒண்ணுதான். கண்ணாடி விரியன் விஷத்தை முறிக்கிற மனுஷ ஆன்ட்டிபாடிய இந்தியா தன் பணத்துல, தன் லேப்ல, தன் ஃபேக்டரில செய்யணும், அதுக்குன்னு தனியா ஒரு திட்டம் நீங்க அறிவிக்கணும். உலகத்துல வேற யாரும் நமக்காக இதை செஞ்சு குடுக்கப் போறதில்ல. ஏன் இவ்ளோ உறுதியா சொல்றேன்னு கீழ விவரமா எழுதிருக்கேன், நீளமாதான் இருக்கும், தயவுசெஞ்சு முழுசா படிங்க.

2020ல ஈலைஃப் ஜர்னல்ல வந்த ஆய்வு உங்களுக்குத் தெரியாததில்ல. 2000லேர்ந்து 2019 வரைக்கும் இந்தியாவுல பாம்பு கடிச்சு செத்தவங்க 12 லட்சம் பேர், வருஷத்துக்கு சராசரியா 58,000. உலகம் முழுக்க வருஷத்துக்கு 81,000லேர்ந்து 1,38,000 வரை சாவுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதுல நம்ம பங்கு எவ்ளோன்னு நீங்களே கணக்குப் பாத்துக்கலாம். செத்தவங்கள்ல கால்வாசிக்கு மேல 15 வயசுக்குக் கீழ இருக்குற புள்ளைங்க. பாதிச் சாவு ஜூன்லேர்ந்து செப்டம்பருக்குள்ள, அதாவது நாத்து நடுற, களை எடுக்குற காலத்துல. அதே ஆய்வுல கடிச்ச பாம்பு எதுன்னு பழைய பதிவுகளை எல்லாம் தொகுத்துப் பாத்தப்போ 43% கண்ணாடி விரியன், 18% கட்டுவிரியன், 12% நல்ல பாம்பு. மிச்சத்துல பெரும்பகுதி எதுன்னே தெரியாதது. இந்த 43ஐ மனசுல வச்சுக்கோங்க, முழு மடலும் அந்த நம்பரைச் சுத்திதான் போகப் போகுது.

இப்ப நம்மகிட்ட இருக்குற மருந்து எதுன்னா ஏஎஸ்வி, அதாவது பாம்பு விஷமுறிவு ஊசி. 1890கள்ல பிரான்ஸ் டாக்டர் ஆல்பர்ட் கால்மெட் காலத்துல ஆரம்பிச்ச முறை, அடிப்படைல இன்னிக்கும் அதேதான். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலோட விஷத்தையும் கொஞ்சம் கொஞ்சமா குதிரைக்கு ஏத்தி, அது உடம்புல ஆன்ட்டிபாடி ஊறினதும் ரத்தத்தை எடுத்து, பிளாஸ்மாவைப் பிரிச்சு, பெப்சின்ங்குற என்சைம் போட்டு ஆன்ட்டிபாடிய வெட்டி, பவுடராக்கி குப்பில அடைக்கிறாங்க. இந்த மருந்தை நான் குறை சொல்ல வரல. இது இல்லன்னா செத்தவங்க கணக்கு எங்கயோ போயிருக்கும். ஆனா குதிரைன்னா அது வாழ்க்கைல பாத்த எல்லாக் கிருமிக்கும் அது ரத்தத்துல ஆன்ட்டிபாடி இருக்கும், நமக்கு வேண்டியது, அதாவது பாம்பு விஷத்தைப் பிடிக்கிறது, அதுல சின்னப் பங்குதான். மிச்சமெல்லாம் கடி வாங்கினவர் உடம்புக்குத் தேவையே இல்லாத குதிரைப் புரோட்டீன். 1 மில்லி மருந்து 0.6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் விஷத்தை முறிச்சா போதும்னுதான் நம்ம ஸ்டாண்டர்டே இருக்கு, அதனால ஆரம்பமே 8, 10 குப்பின்னு ஏத்துறாங்க, அப்புறம் ரத்தம் உறையுதான்னு பாத்துட்டு மறுபடி ஏத்துறாங்க.

அந்தத் தேவையில்லாத புரோட்டீனுக்குத்தான் உடம்பு திருப்பி அடிக்குது. இந்திய ஏஎஸ்வியத்தான் இலங்கையும் வாங்குது, அங்க 1007 பேரை வச்சு நடந்த ட்ரயல் 2011ல வந்துச்சு, நாலுல மூணு பேருக்கு ஏதோ ஒரு ரியாக்‌ஷன் இருந்துச்சு, அதுலயும் கணிசமானது கடுமையானது. முன்னாடியே கொஞ்சம் அட்ரினலின் போட்டா கடுமையான ரியாக்‌ஷன் நல்லா குறையுதுன்னு காட்டினதும் அந்த ட்ரயல்தான், அதுக்கு அந்த டாக்டருங்களுக்குக் கோடி புண்ணியம். எங்க பெரியப்பாவுக்கு மல்லாட்டை புடுங்கும்போது கண்ணாடி விரியன் கடிச்சு, ஊசி ஏத்தின கொஞ்ச நேரத்துல உடம்பெல்லாம் தடிச்சு, குளிர் தூக்கிப் போட்டு, மூச்சு இரைச்சு, மருந்தை நிறுத்தி அட்ரினலின் போட்டு மறுபடி ஆரம்பிச்சாங்க. அந்த டாக்டரும் நர்சும் விடிய விடிய பக்கத்துலயே நின்னாங்க. உயிர் தப்பிச்சுது, கிட்னி பாதிச்சு டயாலிசிஸ் வரைக்கும் போய்த்தான் வீடு வந்தார். இப்பவும் பழைய மாதிரி வெயில்ல நின்னு வேலை செய்ய முடியாது. ஒரு பிஎச்சில (ஆரம்ப சுகாதார நிலையத்துல) தனியா இருக்குற சின்ன வயசு டாக்டர் இந்த ரியாக்‌ஷனுக்குப் பயந்துக்கிட்டு ஊசி போடாம பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிடுறார்னா அவரை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம், மருந்தே அப்படி இருக்கு. போற வழில போற ஒவ்வொரு மணி நேரமும் கிட்னிக்கும் ரத்தத்துக்கும் எவ்ளோ முக்கியம்னு உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்ல.

இன்னொரு சிக்கல் இடத்துக்கு இடம் மாறுற விஷம். ஏஎஸ்வி கம்பெனிகளுக்கு விஷம் வர்றது பெரும்பாலும் எங்க தமிழ்நாட்டுல வடநெம்மேலில இருக்குற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துலேர்ந்துதான். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்துப் பாம்பு. அதை வச்சு செஞ்ச மருந்தைத்தான் ராஜஸ்தான்லயும் அசாம்லயும் போடுறோம். பெங்களூர் ஐஐஎஸ்சில (இந்திய அறிவியல் கழகத்துல) கார்த்திக் சுனகர் குழு 2019லேர்ந்து திரும்பத் திரும்பக் காட்டிட்டு வர்றது இதைத்தான்: வடகிழக்குல இருக்குற, படத்துல ஒத்தை வட்டம் போட்ட நாகத்துக்கும், ராஜஸ்தான் பக்கத்துச் சிந்து கட்டுவிரியனுக்கும் இந்த மருந்து ரொம்ப பலவீனம். கண்ணாடி விரியன் ஒரே இனமா இருந்தும் அதோட விஷம் ஊருக்கு ஊர் வேற, வறண்ட பகுதில புரோட்டீனை அறுக்குற என்சைம் அதிகம்னு 2025ல காட்டினாங்க. தெக்கத்திப் பக்கமும் இலங்கைலயும் கண்ணாடி விரியன் கடிச்சா ரத்தம் உறையாம போறதோட இமையும் தொங்கிப்போகுது, வடக்க அது அவ்வளவா இல்ல. கேரளா, மேற்குத் தொடர்ச்சி மலை, இலங்கைல கூம்புமூக்கு விரியன் வேற இருக்கு, அதுக்கு ஏஎஸ்வி வேலையே செய்யாது.

சரி, வேற வழி என்னன்னு கேட்டா, வழி ஏற்கனவே உலகத்துக்குத் தெரிஞ்ச வழிதான். 1975ல கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை ஆன்ட்டிபாடிய லேப்ல முடிவே இல்லாம சுரக்க வைக்கிற முறைய கண்டுபிடிச்சாங்க. 1985ல ஜார்ஜ் ஸ்மித் பாக்டீரியாவைத் தாக்குற வைரஸோட மேல்தோல்ல நமக்கு வேண்டிய புரோட்டீன் துண்டை ஒட்டிக் காட்டினார், அதை வச்சு கிரெக் வின்டர் கோடிக்கணக்கான மனுஷ ஆன்ட்டிபாடிகளை வைரஸ் மேல ஒட்டி, எது நம்ம டார்கெட்டைப் பிடிக்குதோ அதை மட்டும் அலசி எடுக்குற ஃபேஜ் டிஸ்ப்ளேய மருந்து செய்யிற கருவியாவே மாத்திட்டார், 2018ல ரெண்டு பேருக்கும் கெமிஸ்ட்ரி நோபல்ல பங்கு கிடைச்சுது. இதுல மிருகமே வேணாம். ஒருதடவை நல்ல ஆன்ட்டிபாடி கிடைச்சா அதோட ஜீன் வரிசை கைல இருக்கும், அதைத் திருத்தலாம், பிடிப்பை இன்னும் இறுக்கலாம், சின்னதாக்கி வேகமா திசுக்குள்ள போக வைக்கலாம், இல்ல வெட்டாத முழு ஆன்ட்டிபாடியா (ஐஜிஜி) வச்சு மூணு வாரம் ரத்தத்துல நிக்க வைக்கலாம். கடிச்ச இடத்துலேர்ந்து விஷம் மெதுவா கசிஞ்சுக்கிட்டே இருக்குற விரியன் கடிக்கு அந்த நீண்ட ஆயுசு ரொம்ப முக்கியம். குதிரை ஆன்ட்டிபாடிய வெட்டினப்புறம் அது சீக்கிரமே உடம்பை விட்டுப் போயிடும், அதனாலதான் குணமான மாதிரி இருந்தவங்களுக்கு மறுபடி ரத்தம் உறையாம போற கேஸெல்லாம் பாக்குறோம்.

பாம்பு விஷத்துல இது வேலை செய்யுதான்னு சந்தேகமெல்லாம் 2024, 2025ல தீந்துபோச்சு. 2024 பிப்ரவரில ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிலையமும் நம்ம ஐஐஎஸ்சியும் சேந்து 95மேட்5ன்னு ஒரு ஆன்ட்டிபாடி கண்டுபிடிச்சாங்க. 5000 கோடிக்கு மேல மனுஷ ஆன்ட்டிபாடிகளை அலசி எடுத்தது. பாம்போட நரம்பு விஷம் நம்ம தசைல எந்த ரிசெப்டர்ல போய் ஒட்டுதோ, அந்த ரிசெப்டர் மாதிரியே இந்த ஆன்ட்டிபாடி விஷத்தைக் கவ்வுது. பிளாக் மாம்பா விஷம் குடுத்த எலியையும் காப்பாத்துச்சு, ஒத்தை வட்ட நாகத்தோட விஷம் குடுத்த எலியையும் காப்பாத்துச்சு. 2025 ஜனவரில அமெரிக்க விஞ்ஞானி டேவிட் பேக்கர் குழு, அவர் அதுக்கு முந்தின வருஷம்தான் நோபல் வாங்கினவர், கம்ப்யூட்டர்லயே வரைஞ்ச சின்னப் புரோட்டீனை வச்சு இதே நரம்பு விஷத்தை முறிச்சுக் காட்டினாங்க, இயற்கைல எங்கயுமே இல்லாத புரோட்டீன் அது. அதே வருஷம் மே மாசம் செல் ஜர்னல்ல, பல வருஷம் தனக்குத்தானே பாம்பு விஷம் ஏத்திக்கிட்ட ஒரு அமெரிக்கரோட ரத்தத்துலேர்ந்து எடுத்த ரெண்டு ஆன்ட்டிபாடியோட வரெஸ்பிளாடிப்ங்குற மருந்தைச் சேத்து 19 பாம்பு விஷத்துல 13க்கு முழுசாவும் 6க்கு ஓரளவும் எலியைக் காப்பாத்தினாங்க. அக்டோபர்ல டென்மார்க் குழு லாமா, அல்பாக்காலேர்ந்து எடுத்த 8 நானோபாடிய, அதாவது ரொம்பச் சின்ன ஆன்ட்டிபாடித் துண்டுகளை, கலந்து 18 ஆப்பிரிக்கப் பாம்புல 17க்கு வேலை செய்ய வச்சாங்க.

இந்த நாலையும் திரும்ப ஒருதடவை பாருங்க. நாலுமே நாகக் குடும்பம். நாகம், மாம்பா, கட்டுவிரியன் மாதிரி (பேர்ல விரியன் இருந்தாலும் கட்டுவிரியன் நாகக் குடும்பம்தான்). ஒண்ணு கூட விரியன் குடும்பம் இல்ல. நம்ம நாட்டுல 43% கடிக்குக் காரணமான பாம்பு அந்தப் பட்டியல்ல எங்கயுமே இல்ல.

இது யாரோட சதியும் இல்ல, காரணம் சயின்ஸ்லயே இருக்கு. நாகங்களோட முக்கிய விஷம் மூணு விரல் டாக்ஸின்னு சொல்ற சின்னப் புரோட்டீன், 60, 70 அமினோ அமிலம்தான், எல்லா நாகத்துலயும் ஒண்ணுக்கொண்ணு சாயல் இருக்கும், அதுல நரம்பைத் தாக்குறதெல்லாம் போய் ஒட்டுற இடமும் ஒண்ணுதான். ஒரு நல்ல ஆன்ட்டிபாடி பல பாம்பை ஒரே அடியா மடக்கிடும். விரியன் விஷம் அப்படி இல்ல. அதுல ரத்தக்குழாய் சுவரைக் கரைக்கிற மெட்டல்லோபுரோட்டியேஸ், ரத்தம் உறையுற பாதைல நடுவுல புகுந்து உறையுறதுக்கு வேண்டிய ஃபைப்ரினோஜன் புரோட்டீன் மொத்தத்தையும் தீத்துடுற என்சைம்கள், செல் சவ்வை அறுக்குற பாஸ்போலிபேஸ் ஏ2ன்னு பெரிய பெரிய புரோட்டீன், ஒவ்வொண்ணுலயும் பல வடிவம். ஒரு ஆன்ட்டிபாடி போதாது, நாலஞ்சு கலந்த கலவை வேணும், அதுவும் ஊருக்கு ஊர் மாறுற விஷத்துக்கெல்லாம் தாங்குற மாதிரி தேடி எடுக்கணும். கஷ்டமான வேலைன்னு ஒத்துக்குறேன். ஆனா கஷ்டங்குறது யாராச்சும் சீக்கிரம் ஆரம்பிக்கணும்ங்குறதுக்கு காரணம்தானே தவிர தள்ளிப்போடுறதுக்கு இல்ல. இங்கிலாந்து லிவர்பூல்ல விரியனுக்கு வேலை செய்யிறாங்க, யூனிதயோல்ங்குற மாத்திரைய கென்யாவுல மனுஷங்களுக்குக் குடுத்து பாதுகாப்பு பாத்தாங்க, அவங்க குறி ஆப்பிரிக்கச் சுருட்டை விரியன். நியாயம்தான், அவங்க பணம் வர்ற இடம் அப்படி. மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் குடுக்குற லண்டன் வெல்கம் டிரஸ்ட் 2019ல பாம்புக்கடிக்குன்னு 8 கோடி பவுண்டு ஒதுக்கினப்புறம்தான் இந்த ஃபீல்டே எழுந்து உக்காந்துச்சு. உலகத்துல பாதிச் சாவை வச்சிருக்குற நாம அந்த அளவுக்கு ஒரு அறிவிப்பு செஞ்சிருக்கணும்.

நம்மால முடியுமான்னு கேக்குறவங்களுக்கு ஒரே பதில் வெறிநாய்க்கடி. அதுவும் குதிரை சீரத்துல ஓடின வைத்தியம்தான், மனுஷ ரத்தத்துலேர்ந்து எடுக்குற ஆன்ட்டிபாடி (இம்யூனோகுளோபுலின்) விலையும் அதிகம், கிடைக்கவும் கிடைக்காது. 2017ல சீரம் இன்ஸ்டிடியூட் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தோட மாஸ்பயாலஜிக்ஸ் கூட சேந்து ரேபிஷீல்டுங்குற ஆன்ட்டிபாடி மருந்தைக் கொண்டுவந்துச்சு, 2019ல சைடஸ் ரெண்டு ஆன்ட்டிபாடி கலந்த ட்வின்ராப் கொண்டுவந்துச்சு. ரேபீஸுக்கு மோனோகுளோனல் ஆன்ட்டிபாடிய, அதாவது லேப்ல செய்யிற ஒரே வகை ஆன்ட்டிபாடிய, மொதல்ல சந்தைக்குக் கொண்டுவந்த நாடு இந்தியா. 2018ல உலக சுகாதார நிறுவனமே, கிடைக்கிற இடத்துல சீரத்துக்குப் பதில் இந்த ஆன்ட்டிபாடிய பயன்படுத்துங்கன்னு சொல்லிடுச்சு. ரேபீஸ் வைரஸ்ல பிடிக்க வேண்டியது ஒரே ஒரு மேல்தோல் புரோட்டீன், விரியன்ல அப்படி இல்லங்குற வித்தியாசம் எனக்கும் தெரியும். ஆனா ஏழைக்கு வர்ற நோய், மிருக சீரம், கலவை ஆன்ட்டிபாடிக்கு அனுமதி, உள்நாட்டுத் தயாரிப்பு, இந்த நாலு படியும் நாம ஏற்கனவே ஏறினதுதான். ட்வின்ராப்புக்கு குடுத்த அனுமதிய எடுத்து வச்சுப் பாத்தாலே நாலஞ்சு ஆன்ட்டிபாடி கலவைக்கு, மருந்துக்கு அனுமதி குடுக்குற மத்திய அமைப்பான சிடிஎஸ்சிஓ எப்படி விதி எழுதலாம்னு தெரிஞ்சிடும். ஒவ்வொரு ஆன்ட்டிபாடிக்கும் தனித்தனியா முழு ட்ரயல் கேட்டா இந்த மருந்து வரவே வராது, கலவைய ஒரு மருந்தா பாக்கணும்.

விலை பத்தி எப்பவும் ஒரு பயம் சொல்லுவாங்க, ஆன்ட்டிபாடின்னா லட்சக்கணக்குல ஆகும்னு. அந்த லட்சத்துல பெரும்பகுதி பேடன்ட்டும் கம்பெனி லாபமும். கேன்சர் ஆன்ட்டிபாடிகள்ல ரிட்டுக்ஸிமாபை 2007லயே ஐதராபாத்ல ரெட்டீஸ் செஞ்சு குறைஞ்ச விலைக்குக் குடுத்துச்சு, ட்ராஸ்டுஸுமாபை 2014ல பெங்களூர்ல பயோகான் செஞ்சுச்சு. நான் நிக்கிற லைன்லயே பாக்குறேன், டேங்க் இருக்கு, செல் லைன் போடத் தெரிஞ்ச புள்ளைங்க இருக்காங்க, ஆன்ட்டிபாடிய மட்டும் பிடிச்சு நிறுத்துற புரோட்டீன் ஏ குழாய்ல சுத்தம் பண்ணத் தெரிஞ்சவங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க. இவங்க யாரும் கண்ணாடி விரியனைத் தொடாததுக்குக் காரணம் ஒண்ணுதான், அதை வாங்கப் போறவங்க விவசாயக் கூலிங்க, கம்பெனி போர்டுல அதுக்கு யாரும் கை தூக்க மாட்டாங்க. ஆப்பிரிக்காவுக்குப் போன ஃபேவ்-ஆஃப்ரிக்ங்குற விஷமுறிவு மருந்தை சனோஃபி 2014ல நிறுத்தினதும் இதே கணக்குலதான், கடைசி பேட்ச் 2016ல காலாவதியாச்சு, அங்க ஜனங்க என்ன பாடுபட்டாங்கன்னு மெடிசின் சான்ஸ் ஃபிரான்டியர்ஸ்ங்குற உலக மருத்துவ உதவி அமைப்போட டாக்டருங்க கத்திக் கத்திச் சொன்னாங்க. அந்தப் பக்கம் கோஸ்டாரிகால குளோடோமிரோ பிகாடோ இன்ஸ்டிடியூட்னு ஒரு பல்கலைக்கழக நிலையம், சின்ன நாடு, அரசாங்கப் பணம், மத்திய அமெரிக்காவுக்கும் நைஜீரியாவுக்கும் சேத்து மருந்து செஞ்சு குடுக்குது. சந்தை செய்யாததை பொதுப்பணம் செய்யும்ங்குறதுக்கு அதை விட என்ன உதாரணம் வேணும்.

அதனால நீங்க செய்ய வேண்டியதா நான் நினைக்கிறது: முதல்ல விஷம். நாடு முழுக்க கண்ணாடி விரியன் எங்கெங்க இருக்கோ அங்கெல்லாம் முறையா அனுமதி வாங்கி விஷ மாதிரி எடுத்து, அதுல இருக்குற எல்லாப் புரோட்டீனையும் பிரிச்சுப் பாத்து, எந்தெந்த டாக்ஸின் ஆளைக் கொல்லுதுன்னு பட்டியல் போட்டு, அந்த டாக்ஸினை லேப்லயே செய்யிற ஜீனை எல்லா ஆராய்ச்சியாளருக்கும் இலவசமா குடுக்கணும். 2020 ஜனவரில நல்ல பாம்போட ஜீனோம் வந்துச்சே, 139 டாக்ஸின் ஜீன் இருக்கு, அதுல 19 விஷச் சுரப்பில மட்டும் வேலை செய்யுதுன்னு பிரிச்சுக் காட்டினாங்க, அந்த அளவுக்கான வேலை கண்ணாடி விரியனுக்கும் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் வேணும். அப்புறம் பொதுப்பணத்துல கிடைக்கிற ஆன்ட்டிபாடியோட வரிசையை யாரும் பூட்டி வைக்கக் கூடாது, எந்த உற்பத்தியாளர் வந்தாலும் குறைஞ்ச ராயல்டிக்குக் குடுக்கணும்னு முதல் ஒப்பந்தத்துலயே எழுதிடணும், பின்னாடி கேட்டா நடக்காது. இன்னொண்ணு ரொம்ப முக்கியம், தரம் எட்டினா இவ்வளவு குப்பி, இந்த விலைக்கு, இத்தனை வருஷத்துக்கு அரசு வாங்கும்னு முன்கூட்டியே உறுதி குடுங்க. அந்த ஒரு காகிதம் இருந்தா கம்பெனி போர்டுல கை தானா உயரும். 2017ல ஆரம்பிச்ச நேஷனல் பயோஃபார்மா மிஷன் மூலமா பைராக் எத்தனையோ பயோசிமிலருக்கு (ஏற்கனவே இருக்குற பயோ மருந்தோட குறைஞ்ச விலை நகலுக்கு) கை குடுத்துச்சு, 2024ல பயோஈ3 கொள்கைய அமைச்சரவை ஒத்துக்கிச்சு, அதுல ப்ரெசிஷன் பயோதெரப்யூட்டிக்ஸ், அதாவது துல்லியமான உயிர் மருந்துன்னு ஒரு தலைப்பே இருக்கு. அந்தத் தலைப்புக்குள்ள கொல்லைல கடி வாங்குறவங்களுக்கும் இடம் இருக்கணும்.

கட்டுவிரியனை நான் மறக்கல. ராத்திரி தரைல படுத்திருக்கும்போது கடிக்கும், வலியே தெரியாது, விடிகாலைல வயித்து வலின்னு எழுந்து, இமை தொங்கி, பேச்சு குழறி, மூச்சு நின்னுடும். அதோட முக்கிய விஷம் நரம்பு முனையையே உள்ளேர்ந்து அழிச்சிடும், அழிஞ்சப்புறம் எந்த ஆன்ட்டிபாடியும் சரி பண்ணாது, வென்டிலேட்டர்ல வச்சுக் காத்திருக்கணும். அதனால அதுக்கு சீக்கிரம் போடக்கூடிய, ரியாக்‌ஷன் பயம் இல்லாத, பிஎச்சிலயே வைக்கக்கூடிய மருந்து வேணும். குதிரைப் புரோட்டீன் இல்லாத ஆன்ட்டிபாடிக்கு அந்த குணம் இருக்கு. கண்ணாடி விரியன் திட்டத்துல பாஸ்போலிபேஸ் ஏ2வைப் பிடிக்கிற ஆன்ட்டிபாடி தேடுற வேலை எப்படியும் நடக்கும், கட்டுவிரியனோட அந்த விஷமும் அதே குடும்பம்தான், ஒரே தேடல்ல ரெண்டையும் சேத்துத் தேடச் சொல்லுங்க.

புது மருந்து ஆஸ்பத்திரிக்கு வர பல வருஷம் ஆகும், அது வரைக்கும் ஏஎஸ்வி ஒரு நாள் கூட தடைபடக் கூடாது. பழசைக் கைவிட்டுட்டு புதுசுக்குப் பணம் குடுங்கன்னு நான் கேக்கவே இல்ல. சொல்லப்போனா அதையும் இப்பவே சீர் பண்ணலாம், வட்டார விஷத்தையும் சேத்துக் குதிரைக்கு ஏத்தலாம், சுத்திகரிப்பைக் கூட்டலாம். 2024 மார்ச்சுல பாம்புக்கடிக்கு தேசிய செயல்திட்டம் வந்துச்சு, 2030க்குள்ள சாவைப் பாதியாக்கணும்னு இலக்கு. அதே நவம்பர்ல தமிழ்நாடு பாம்புக்கடிய கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயா அறிவிச்சுச்சு, இனிமே எந்த ஊர்ல எத்தனை கடிங்குறது கைல வரும். அந்தத் தரவை ஆன்ட்டிபாடி தேடுறவங்களுக்கும் திறந்து விடுங்க, எந்த மாவட்டத்து விஷத்தை முதல்ல எடுக்கணும்னு அதுதான் சொல்லும்.

கடைசியா இருளர் சங்கம் பத்தி. பாம்புத்தோல் வியாபாரம் நின்னுபோய் பொழைப்பில்லாம நின்ன மக்களுக்காக 1978ல பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேகர் சேந்து ஆரம்பிச்சது. பாம்பைப் பிடிச்சு மண்பானைல வச்சு, மூணு வாரத்துல நாலு தடவை விஷம் எடுத்து, வயித்துச் செதில்ல அடையாளம் போட்டு, திரும்பக் காட்டுல விடுறாங்க. இந்த நாட்டுல ஏஎஸ்வியால பொழைச்ச ஒவ்வொருத்தர் உடம்புலயும் அவங்க உழைப்பு ஓடிருக்கு. 2023ல அவங்கள்ல வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ குடுத்தீங்க, எங்களுக்கெல்லாம் கண்ணு கலங்குச்சு. ஆனா ஆன்ட்டிபாடி டேங்க்ல செய்ய ஆரம்பிச்சா விஷம் வாங்குறது குறையும்னு அவங்க பயப்படுறதுக்கு நியாயம் இருக்கு. புது மருந்தைச் சோதிக்க, ஒவ்வொரு பேட்ச்சையும் சரிபார்க்க இன்னும் பல வருஷத்துக்கு அசல் விஷம் வேணும், மாநிலம் மாநிலமா விஷம் எடுக்குற வேலைக்கு அவங்களை விடப் பயிற்சி உள்ளவங்க யாரும் இல்ல. அதனால திட்டத்துல அவங்களுக்கு சம்பளத்தோட பயிற்சியாளர் இடம் வேணும், 2002 பல்லுயிர் சட்டத்துல சொல்ற மாதிரி வருமானத்துல பங்கும் வேணும். கேரளால காணி மக்களோட ஆரோக்கியப்பச்சை மூலிகைக்கு ஜீவனி மருந்து வந்தப்போ 90கள்லயே பங்கு குடுக்க ஏற்பாடு செஞ்சாங்க, அதுல வந்த குளறுபடியையும் படிச்சு, இன்னும் நல்லா எழுதுங்க. திட்டக் குழுல சங்கத்துலேர்ந்து ஒருத்தர் உக்காரணும், கூப்பிட்டுக் கருத்து கேட்டுட்டு அனுப்புற மாதிரி இல்லாம ஓட்டு உள்ள உறுப்பினரா.

இந்த மடலுக்கு நன்றின்னு ஒரு பதில் வேணாம். அடுத்த தென்மேற்குப் பருவமழை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, கண்ணாடி விரியன் ஆன்ட்டிபாடிக்குன்னு எவ்ளோ பணம், எந்தத் தேதிக்குள்ள விண்ணப்பம், யார் தலைமைன்னு உங்க துறைல ஒரு அறிவிப்பு வெளிய வரட்டும். வராதுன்னா ஏன் வராதுன்னாவது பொதுவுல எழுதுங்க, நாங்க எங்க எம்பிகிட்ட அதைத் தூக்கிட்டுப் போய் நாடாளுமன்றத்துல கேக்கச் சொல்றோம்.

இப்படிக்கு,
ஆன்ட்டிபாடி உற்பத்தில வேலை பாக்குற, திருவண்ணாமலை மாவட்டத்து விவசாயக் குடும்பத்துப் பொண்ணு